இருபத்து நாலா, இருபத்திரண்டா?

இரண்டாயிரத்து நான்கு அல்லது ஐந்தாக இருக்கும். அப்போது திருப்பூரில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனி வேலைக்காக விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. அம்மா ஒரு கம்பெனியில், தைத்து வரும் பனியன்களில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தார்.

எனக்குப் போட்டிக் கணக்கு என்றால் பைத்தியம். பாடப்புத்தகக் கணக்கில் எந்தச் சூத்திரம் என்று தலைப்பிலேயே தெரிந்துவிடும். போட்டிக் கணக்கில் எங்கே கை வைப்பது என்றே புரியாது. குழாயடியில் வரிசையில் நிற்கும்போதும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சட்டென்று பிடிபடும்போது குடத்தைப் போட்டுவிட்டுக் குதிக்கத் தோன்றும்.

அந்த வருடம் பள்ளிகளுக்கு இடையே நடந்த கணிதப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்தோம். நானும், மடத்துக்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணும். அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இருவரும் சம மதிப்பெண். ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: கடிகாரத்தின் பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒரு நாளில் எத்தனை முறை ஒன்றன்மேல் ஒன்று வரும்?

ஆளுக்கொரு அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டினோம். நான் 22. அவள் 24.

"இருபத்து நாலுதான் சரி" என்றார் போட்டி நடத்திய சார். அரங்கமே கைதட்டியது.

என் விடை சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் மைக் பிடித்த ஒரு பெரியவரை எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை. கீழே இறங்கி அம்மாவிடம் போனதும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "விடு தாயி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

மேடையில் அந்தப் பெண் குனிந்து தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். கோப்பையை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை.

"சார், ஒரு நிமிசம் இருங்க. அவங்க சொன்னதுதான் சரிங்க."

சார் சிரித்தார். "என்ற கையிலயே விடை இருக்குது கண்ணு."

"இல்லீங்க சார், நீங்களே சுத்திப் பாருங்க. பதினொண்ணுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல முள்ளு ரெண்டும் சேரவே மாட்டேங்குது. பன்னெண்டு ஆனாத்தான் சேருது."

சார் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவரச் சொல்லி மெதுவாகச் சுற்றினார். பிள்ளைகள் கூச்சல் போட்டு எண்ணினோம். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பதினொன்றுதான் வந்தது. சார் மைக்கை எடுத்து, "தப்பு என்னோடதுங்க" என்றார். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

கோப்பை என் கைக்கு வந்தது. முதலில் கைதட்டியவள் அவள்தான்.

பிறகு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தபோது மனசு கேட்காமல், "நீங்க பேசாம இருந்திருந்தா கப் உங்களுக்குத்தானே?" என்றேன்.

"நீங்க 22-ன்னு அவ்ளோ உறுதியாத் தூக்கிக் காட்டுனீங்க. அது எப்படின்னு தெரியாம எனக்கு இருப்பே கொள்ளலீங்க. கப்பு நெனப்பு எங்க வந்துச்சு! சரி, முள்ளைச் சுத்தாமயே நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பெரிய முள் ஒரு நாளைக்கு இருபத்து நாலு சுத்து, சின்ன முள் ரெண்டு சுத்து. கழிச்சுப் பாருங்க. அதுதான்" என்றேன்.

"அட, இவ்வளவுதானுங்களா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பதிலுக்கு அவள் ஒரு கணக்குப் போட்டாள். நான் ஒன்று போட்டேன். அவள் ஏறவேண்டிய உடுமலைப் பஸ்கள் வருவதும் போவதுமாக இருந்தன. அம்மா கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் புரியாமலேயே எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நான் சொன்னது தப்பு என்று யாராவது சொன்னால் முதலில் கோபம்தான் வருகிறது. அப்புறம், ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுகிறேன். அதற்குப் பிறகு நான் சந்திக்கவே சந்திக்காத அந்தப் பெண் என்னிடம் விட்டுப்போன பழக்கம் அது.