பூட்டிய வீட்டின் சைபர்

ஒன்றும் சொல்லாத ஒருவர் நலமாகத்தான் இருக்கிறார் என்று எதை வைத்து நம்புவது? சிவரூபி இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. அவருடைய வேலைதான் அதை அவரிடம் கேட்டது.

அவருக்கு வயது நாற்பத்தாறு. வேலணையில் தனியாக இருந்தார். சகோதரர் மூவரும் கனடாவில். யாழ்ப்பாணத்துத் தீவுகளின் கிணறுகளில் உப்பு ஏறுவதை அளக்கும் பதினாறு பெட்டிகள் அவர் பொறுப்பு. வானலை வழியே அவற்றால் சில எழுத்துகளைத்தான் அனுப்ப முடியும். தொடக்கத்தில் ஒவ்வொரு பெட்டியும் தன் கோளாறுகளை நீட்டி எழுதி அனுப்பியதால், உப்பின் அளவு வந்துசேர இடமில்லாமல் போனது. சிவரூபி அதை மாற்றினார். கோளாற்றுக் குறிப்புகள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கோளாறு நேர்ந்தால் அதற்குரிய ஓர் இலக்கம் மட்டும் வரும். உப்பு மாறினால் மட்டும் புதிய அளவு வரும். ஒன்றும் வராவிட்டால் எல்லாம் நேற்றுப்போல.

அனலைதீவில் தம்பையா என்ற கமக்காரர், பெட்டிகளின் அளவைக் காட்டும் கைபேசியில் 'நல்ல தண்ணீர்' என்று கண்டு ஆறு நாள் வெங்காயத்துக்கு இறைத்தார். அவருடைய கிணற்றுப் பெட்டியோ முதல் நாளே தண்ணீர் புகுந்து நின்றுவிட்டிருந்தது. கோளாற்றைச் சொல்லக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. பயிர் கருகியதைக் கேட்டு சிவரூபி படகில் போனார்.

"முந்தி நாக்கில வைச்சுப் பாத்துத்தான் இறைக்கிறனான். உம்மட பெட்டியை நம்பி அதையும் விட்டனான், பிள்ளை."

"அது ஒண்டும் சொல்லேல்லை, ஐயா. அதைத்தான் நான் நல்லம் எண்டு எடுத்தனான்."

"செத்தவனும்தான் ஒண்டும் சொல்லான். நாடி பிடிச்சுப் பாக்கிறேல்லையோ?"

அந்த வாரமே ஒவ்வொரு பெட்டியும் விடிய ஆறு மணிக்கு ஒரு சைபரை, வெறும் பூச்சியத்தை, அனுப்பும்படி சிவரூபி செய்தார். இருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. தம்பையாவின் கிணற்றுச் சைபர் வராத நாளில் அவருக்குத் தானே தொலைபேசி எடுப்பார். அடுத்த போகத்தில் தம்பையா மறுபடியும் கைபேசியைப் பார்த்து இறைத்தார்; நாக்கிலும் வைத்துப் பார்த்தார்.

பிறகு செலவைக் குறைக்க ஒரு பெட்டியை நிறுத்தவேண்டி வந்தது. யாழ்ப்பாணத்து அலுவலகத்திலிருந்து நிமலன் பேசினார்.

"அனலைதீவில பூட்டிக்கிடக்கிற வீட்டுக் கிணத்தை நிப்பாட்டுங்கோ, அக்கா. அதில ஆர் அள்ளுகினம்?"

"ஒருத்தருமில்லை."

"பிறகென்ன?"

ஆனால் சிவரூபி நிறுத்தியது வேலணையில் தான் குடிதண்ணீர் அள்ளும் கிணற்றுப் பெட்டியை; அதைத் தானே நாக்கில் வைத்துப் பார்க்கலாம். பூட்டிய வீட்டிலிருந்து விடிய ஆறு மணிக்கு இப்போதும் சைபர் வருகிறது. நிமலன் இரண்டு முறை காரணம் கேட்டார். இரண்டு முறையும் சிவரூபி வேறொரு பெட்டியின் பற்றறியைப் பற்றிப் பேசினார்.