அம்மாவுக்குத் தனிப் பெட்டி

என் பிடிவாதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கருத்து கிடையாது. அதிலும் அறைக்குக் குளிரூட்டும் ஏர்கோன் மாட்டிய விஷயத்தில் நான் பிடித்த பிடியை என் கணவர் இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில், பெர்மாஸ் ஜெயாவில் எங்களுடையது மாடி வைத்த வரிசை வீடு. அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்ததும் அவர் ஊரான சிகாமட்டிலிருந்து அழைத்து வந்து, கீழே பின்னறையைக் கொடுத்தோம். மதிய வெயில் அந்தச் சுவரில்தான் விழும். வேர்த்துச் சோர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவோ, கொஞ்சம் தேறியதும் ஊருக்குப் போய்விடுவேன் என்று கொண்டுவந்த பையைப் பிரிக்காமலே வைத்திருந்தார். ஊரில் இருப்பது ஆற்று வெள்ளம் புகுந்து புகுந்து சுவர் ஊறிப்போன வீடு, அதில் அவர் ஒரே ஆள். மறுபடியும் அங்கே அனுப்ப எனக்குத் துளியும் மனமில்லை. பின்னறை குளிர்ந்தால் அவர் தங்குவார், அவ்வளவுதான் என் கணக்கு.

மாடியில் எங்கள் அறை ஏர்கோனும் கிழடு தட்டிப்போயிருந்தது. சேர்த்தே மாற்றிவிடலாம் என்று ஆளைக் கூப்பிட்டோம். வந்தவர் இரண்டு வழி சொன்னார். வெளியே ஒரே பெரிய பெட்டி, அதிலிருந்து மேலறைக்கும் கீழறைக்கும் குழாய், அறைக்கு ஒரு ரிமோட். இல்லையென்றால் இரண்டு அறைக்கும் இரண்டு பெட்டி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல்.

"ஒண்ணே போதும்லா," என்றார் என் கணவர். "பின்னால இருக்குற இடத்துல ரெண்டு பெட்டிய வச்சா உன் துணி எங்க காயும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருக்குச் சிங்கப்பூரில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். மாடியறை குளிர்ந்தால் போதும் அவருக்கு. நானும் தலையாட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் மூவாரில் அவருடைய அண்ணன் வீட்டில் காதுகுத்து. அங்கே இருப்பதும் அதே மாதிரி ஒற்றைப் பெட்டி ஏர்கோன்தான். சாப்பாடு முடிந்ததும் என் கணவர் மேலே போய்ப் படுத்துவிட்டார். அம்மாவைக் கீழறையில் படுக்கவைத்து, ஏர்கோனைத் திறந்துவிட்டு வந்தேன். சற்று நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஏர்கோன் ஓடாமல் மூடியிருக்கிறது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஏம்மா மூடுனீங்க?"

"மாப்பிள்ள மேல படுத்திருக்காருல்ல. வெளிய பொட்டி ஒண்ணுதானாமே. நான் இங்க தொறந்தா அவருக்குக் கொறையும்."

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வரிசையாக இருந்த எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய்தான் ஓடும். ஒரு வீட்டில் திறந்தால் அடுத்த வீட்டில் நூல் மாதிரி வடியும். வாளி பாதி நிறைந்ததுமே அம்மா மூடிவிட்டு, "மூடிட்டேன், புடிச்சுக்குங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பார். லயத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். தோட்டத்தை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்றும் வீட்டில் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் அம்மா அடுப்படிக் குழாயைத் தொட மாட்டார்.

திரும்பும் வழியில் என் கணவர் காரை ஓட்டிக்கொண்டே பொறுமையாக விளக்கினார். "அத்தை, இது தண்ணி மாதிரி இல்ல. மேலயும் கீழயும் ஒண்ணா ஓடும். யாருக்கும் கொறையாது."

"சரிங்க மாப்பிள்ள," என்றார் அம்மா.

அந்தச் 'சரி' எனக்குப் பழக்கமானது. நான் வேலைக்குப் போனதும், மருமகன் மாடியில் தூங்கும் நேரம் பார்த்து, சுவர் கொதிக்கிற மதியத்தில் ரிமோட்டை அமுக்கி மூடிவிட்டு உட்கார்ந்திருக்கும் 'சரி'.

வீட்டுக்கு வந்து அம்மா படுத்ததும் சொன்னேன். "ரெண்டு பெட்டி."

"அதான் வெளக்கிட்டேனே."

"காதுக்குத்தான் வெளக்குனீங்க. மூடப்போறது அவங்க கை."

"துணி?"

"அத நான் பாத்துக்குறேன்."

மாட்ட வந்தவரும் தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தார். ஒரே பெட்டிதான் பார்க்க அழகாக இருக்குமாம். யார் வந்து என் வீட்டுப் பின்சுவரைப் பார்க்கப் போகிறார்கள்? துணிக்கொடியை முன்பக்கத்துக்கு மாற்றினேன். இப்போது என் கணவரின் கால்சட்டைகள் அவர் ஆசை ஆசையாய்க் கழுவி வைக்கிற காருக்கு மேலேயே சொட்டுகின்றன. அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

பெட்டிகளை மாட்டி முடித்ததும் அம்மா குங்குமச் சிமிழோடு பின்பக்கம் வந்தார். "எனக்குன்னு போட்டது எதும்மா?" காட்டினேன். அதற்கு மட்டும் பெரிதாகப் பொட்டு வைத்தார். பிறகு என்னை மேலே போகச் சொன்னார். இரண்டு பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தன.

"இப்ப மேல மூடு," என்று கீழிருந்து குரல் கொடுத்தார்.

மூடிவிட்டு மாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. பொட்டு வைத்த பெட்டி அசராமல் ஓடியது. மறுபடி திறக்கச் சொன்னார், மறுபடி மூடச் சொன்னார். அரைத்தூக்கத்தில் இருந்த என் கணவர், "அத்தை சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அம்மா கீழே தலையாட்டிக்கொண்டே உள்ளே போனார்.

மறுநாள் லீவு போட்டிருந்தேன். நல்ல வெயில் நேரத்தில் குடிக்க மைலோ கலந்து எடுத்துக்கொண்டு பின்னறைக் கதவைத் திறந்தேன். ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"கதவச் சாத்துடி. என் குளிரெல்லாம் வெளிய போவுது."

அம்மா வாயிலிருந்து எதற்கும் 'என்' என்று வந்து நான் கேட்டதில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அலமாரியில் அவருடைய சேலைகள் அடுக்கியிருந்தன. அவர் கொண்டுவந்த பை காலியாக, மடிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்தது.