சந்திரவல்லி போட்ட பாலம்

எந்த வாசலில் நுழைந்தாலும் சந்திரவல்லி தலையைக் குனிய மாட்டார். முழங்காலை மடக்கித்தான் நுழைவார். தலையில் ஏலக்காய் மூட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். போன மாதம் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில், யானை நுழைகிற மண்டப வாசலிலும் பட்டுப்புடவையோடு மடங்கி நிமிர்ந்தார். "இருபத்தாறு வருசமா மூட்டை தூக்கின ஒடம்பு. அதுக்குப் போயி நான் என்னத்தச் சொல்ல?" என்று அவரே சிரிப்பார்.

போடியில் வாய்க்காலுக்கு இந்தக் கரையில் ஏலக்காய்க் கடைகள். அந்தக் கரையில் காயைத் தரம் பிரிக்கும் கொட்டகைகள். நடுவே ஒரு பலகைப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு மூட்டைதான் போகலாம். "லோடு வருதுடி!" என்று சந்திரவல்லி குரல் கொடுத்தால் எதிர்க்கரையில் ஆடுகூட நின்றுவிடும். பழக்கதோஷத்தில் ரேஷன் கடை வரிசையிலும் ஒருமுறை குரல் கொடுத்துவிட்டார். வரிசை வழிவிட்டது.

வாய்க்காலைத் தூர்வாரி, கரையில் மரம் நட்டு, பெஞ்சு போட்டு, பலகைப் பாலத்தை எடுத்துவிட்டுப் புது நடைபாலமும் கட்டப்போவதாக நகராட்சியில் கரையிலேயே ஒரு பெரிய படத்தை வைத்தார்கள். அழகுக்குக் குறைச்சலில்லை. பாலத்துக்கு இரண்டு பக்கமும் பதினொரு படிகள். சந்திரவல்லி மூட்டையை இறக்கிவிட்டு, தலையில் சும்மாட்டுத் துணியோடு முன்னால் போய் நின்றார்.

"படத்துல எல்லாரும் வெறுங்கைய வீசிக்கிட்டுப் போறாகளே, இவுக எந்த ஊருக்காரவுக தம்பி?"

படத்துக்குப் பக்கத்தில் நின்ற பொறியாளர் ராஜாராம் சிரித்தார். சந்திரவல்லியோ படத்திலிருந்த படிகளைக் காட்டி, மூட்டையோடு இதில் எப்படி ஏறுவது என்று கேட்டார். படி வந்தால் மூட்டை பஸ் ரோட்டைச் சுற்றித்தான் வரவேண்டும். அதற்குக் கடைக்காரர்கள் ஆட்டோ வைத்துவிடுவார்கள். சுமக்கிற முப்பது பெண்களுக்கு அப்புறம் வேலை ஏது?

"பார்த்து ஏறினாப் போதும்மா" என்றார் ராஜாராம்.

"எதப் பாக்க? தலையில மூட்டை இருந்தா நம்ம பாதம் நமக்கே தெரியாது. நீங்களே ஒருதரம் ஏறிப் பாருங்க."

சும்மாடு கைமாறியது. கூட வேலை செய்யும் மகாராணி ஒரு கை பிடிக்க, பொறியாளர் தலையில் மூட்டையும் ஏறியது. பக்கத்துக் கடைக்கு மூன்றே படி. முதல் படியைக் காலால் துழாவித் துழாவி ஏறினார், இரண்டாவதில் நின்றுவிட்டார். "எறக்குங்கம்மா" என்ற குரல் மட்டும் மூட்டைக்கு அடியிலிருந்து வந்தது. கரையே சிரித்தது.

அந்த மனிதரையும் சும்மா சொல்லக்கூடாது. மறுநாளே டேப்போடு வந்து, இரண்டு மூட்டைகளை எதிரெதிரே நடக்கவிட்டு அகலம் அளந்தார். "இன்னொரு முழம் சேத்துப் போடுங்க தம்பி. மகாராணி ஆடி ஆடித்தான் வருவா" என்றார் சந்திரவல்லி. அதையும் எழுதிக்கொண்டார்.

இந்த ஆவணியில் பாலம் திறந்தார்கள். படி ஒன்றுகூட இல்லை. மெல்ல ஏறி மெல்ல இறங்கும் சரிவு. கல்வெட்டில் சந்திரவல்லி பெயர் கிடையாது. அதைத் தேட அவருக்கு நேரமும் கிடையாது. ரிப்பன் வெட்டியவர்கள் காரில் ஏறுவதற்குள் "லோடு வருதுடி!" என்று குரல் கேட்டது. எதிர்ப்பக்கம் மகாராணியும் மூட்டையோடு ஏறினார். வழக்கம்போல் ஆடி ஆடித்தான் வந்தார். இருவரில் யாரும் நிற்கவில்லை, ஒதுங்கவுமில்லை.

பாலத்தின் நடுவுக்கு வந்ததும், மூட்டையைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் சந்திரவல்லி விட்டார். படத்தில் இருந்தவர்களைப் போலவே வீசிக்கொண்டு நடந்தார்.