கோட்டையைப் பூட்டியது நான்

பேய்க் கதை பேசுகிற இடத்தில் நான் உட்காரமாட்டேன். பயம் ஒன்றும் இல்லை, சலிப்புதான். ஐந்தாம் பாரம் வரை ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஆபீஸில் கிராணியாகக் கணக்கு எழுதியவன், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் யாருக்காவது சாமி வந்து ஆடினால்கூட முதலில் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னவன். அதனால் இதைப் படித்து நீங்கள் சிரித்தால் நான் கோபப்பட முடியாது. ஆனால் ஒன்று, இதைக் கேட்டவர்கள் எல்லோரும் அந்தத் தட்டல் சத்தத்தை உடனே நம்பிவிட்டார்கள். நான் பேசினேன் என்பதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

புக்கிட் பெலண்டோக் பக்கம் செம்மண் ரோட்டில் நாலு மைல் உள்ளே போனால் எங்கள் பழைய தோட்டம். அங்கே குன்றின் மேல் இருக்கிற கட்டடத்தைக் கோட்டை என்போம். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் கட்டியது. ஒரு முழக் கனத்துக்கு சிமெண்ட் சுவர், துப்பாக்கி நீட்டுவதற்குக் குறுகலான துவாரங்கள், ஒரே ஓர் இரும்புக் கதவு. பட்டாளம் போனபிறகு தோட்டம் அதைப் புல்லுக்கு அடிக்கிற மருந்து வைக்கும் ஸ்டோர் ஆக்கிக்கொண்டது. சாவி என்னிடம் இருந்தது.

மருந்தடிக்கிற கும்பலில் பதினொரு பேர். அவர்களை வேலை வாங்குகிற மேலாள் சுப்பையா மண்டோர். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது போலவே சாயங்காலமும் கோட்டை வாசலில் நான் பேர் கூப்பிட்டு, பதில் கேட்டு, அதற்குப் பிறகுதான் பூட்டவேண்டும். பதினோராவது பேர் மாரிமுத்து. அவனுக்குப் பேச்சு வராது. பேரைக் கூப்பிட்டால் கையில் இருக்கிற வாளியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவான். அதுதான் அவன் பதில்.

அன்றைக்கு தீபாவளிக்கு முதல் நாள். மூன்று நாள் லீவு. நான் சிரம்பானுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், துணி எடுக்கவேண்டும், அங்கே ஒரு வீட்டில் பெண் பார்க்கவும் சொல்லியிருந்தார்கள். பதினொரு பேரையும் மூச்சு விடாமல் கூப்பிட்டேன். மாரிமுத்து என்றதும் எங்கேயோ வாளிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, கதவை இழுத்துப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். யாரோ வாளியைக் கீழே வைத்த சத்தம் அது. மாரிமுத்து மருந்து வாடையில் தலை சுற்றி உள்ளே பீப்பாய்களுக்குப் பின்னால் படுத்திருந்தான்.

அவன் கோலா பிலாவில் அக்காள் வீட்டுக்குப் போயிருப்பான் என்று லயத்தில் நினைத்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து தட்டியிருப்பான். மூன்று நாளும் லயத்தில் பட்டாசு. நாலாம் நாள் காலையில் கதவைத் திறந்தவன் நான்தான். செத்துக் கிடந்தவனின் விரல் முட்டிகளைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

தோட்டத்து மேனேஜர் துரை விசாரித்தார். மண்டோர் சாவியை வாங்கிப் பூட்டிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார் என்று சொன்னேன். சுப்பையா மண்டோர் அன்றைக்கு மத்தியானமே குடிக்க ஆரம்பித்திருந்தார், அது எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நெசமா நான்தான் பூட்டுனேனா கிராணி? எனக்கு நெனப்பே வரல."

"ஆமா மண்டோரே. நீங்கதான்."

நம்பிக்கொண்டு போனார். வேலை போயிற்று, லயத்து வீடு போயிற்று. பெண்டாட்டி, ஏழு வயது மகளோடு ரஹாங்கில் யார் யார் வீட்டிலோ புல் வெட்டிப் பிழைத்தார். சாகிற வரைக்கும் கதவில்லாத அறையில்தான் படுத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் பெரிய கிராணி ஆனேன்.

அந்த மகள்தான் செல்வி. இப்போது ரஹாங்கில் பலகாரக் கடை வைத்திருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவளுடைய மருமகன் தினேஷ் ஏர்கோன் பழுது பார்க்கிறவன். லீவு நாளில் பாழடைந்த கட்டடங்களில் இராத் தங்கி, பேய் வருகிறதா என்று படம் பிடித்து இணையத்தில் போடுவான். போன வருஷம் இரண்டு பேரும் என்னைத் தேடி வந்தார்கள். கோட்டையில் ஓர் இரவு தங்கப்போவதாகச் சொன்னார்கள். செல்விக்கு வீடியோவில் அக்கறை இல்லை. தன் அப்பா ஓர் ஆளை உள்ளே வைத்துப் பூட்டியவரா இல்லையா என்று செத்தவனிடமே கேட்டுவிடவேண்டும் என்றாள். அம்பது வருஷமாக அப்பா பூட்டியிருக்கமாட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாளாம், ஆனால் அவரே இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லையாம்.

"வேற யாரு கூப்பிட்டாலும் அவரு பதில் குடுக்கமாட்டாரு ஐயா. ஒங்க கொரல்தான் அவருக்குப் பழக்கம்."

ஏன் போனேன் என்று கேட்டால், மறுத்தால் சந்தேகப்படுவாள் என்று போனேன். சிமெண்ட் சுவர் என்ன சொல்லிவிடப்போகிறது என்ற தைரியமும் இருந்தது.

இரும்புக் கதவை என்றைக்கோ கழற்றி விற்றுவிட்டார்கள், உள்ளே ஒரு தகரத் துண்டுகூட இல்லை. சுற்றிலும் செம்பனை மரங்கள், காது அடைக்கிற சிள்வண்டு இரைச்சல். தினேஷ் தரையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, ஏதாவது வந்தால் இதில் விளக்கு எரியும் அங்கிள் என்றான். எலி வந்தால் எரியுமா என்று கேட்டேன். "எலிக்கும் எரியும்லா" என்றான். செல்வி சிரித்துவிட்டாள். "கிராணி ஐயாகிட்ட வாய் குடுக்காதீங்க மாப்பிள்ளை. எங்க தோட்டத்துல ஒருத்தரும் ஜெயிச்சதில்ல."

இரண்டு மணி வரைக்கும் கொசுதான் வந்தது. அப்புறம் தினேஷ், சரி அங்கிள், கூப்பிடுங்க என்றான். மாரிமுத்து பேரை மட்டும் கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பழக்கம் விடவில்லை, முதல் பேரிலிருந்து வரிசையாக வந்தது. வயசான குரல்கூட இல்லை அது, என் பழைய குரல். பத்துப் பேர் முடிந்தது. மாரிமுத்து என்றேன்.

நம்பினால் நம்புங்கள், வாளியை விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது, வாளியே இல்லாத இடத்தில். தினேஷின் பெட்டியில் விளக்கு எரியவில்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

செல்வி மட்டும் அசையவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டாள். "மாமா, நான் சுப்பையா மண்டோர் மக. எங்கப்பாதான் ஒங்கள வச்சுப் பூட்டுனாரா? ஆமான்னா தட்டுங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இல்லை செல்வி, பூட்டினது நான், என்றேன். பஸ்ஸைச் சொன்னேன், நிமிர்ந்து பார்க்காமல் போட்ட கோட்டைச் சொன்னேன், துரையிடம் சொன்ன பொய்யை, உன் அப்பாவிடம் நேருக்கு நேர் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்போதும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் மறுபடி இரண்டு தட்டு. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஐம்பது வருஷத்துக்குப் பிறகு என் மேல் பழி வந்து சேர்ந்தது, நல்லது என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன். பாதி வழியில் அவள் சொன்னாள்: "அப்பாதான் ஐயா. அவரே ஆமான்னுட்டாரு."

நான் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டேன். தினேஷ் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "பேர் கூப்பிட்டப்புறம் நீங்க வாயே தொறக்கலையே அங்கிள். சும்மா நின்னுக்கிட்டிருந்தீங்க."

அப்போதே மறுபடி சொல்லியிருக்கலாம்.

எட்டு நாள் கழித்துத்தான் தைரியம் வந்தது, பட்டப்பகலில் அவள் கடைக்குப் போனேன். அதற்குள் அவள் கோலா பிலாவுக்குப் போய், மாரிமுத்துவின் அக்காள் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, அப்பாவுக்காக அவர்கள் காலில் விழுந்துவிட்டு வந்திருந்தாள். கடைச் சுவரில் மண்டோர் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் என் கையைத் தொட்டாள்.

"எனக்காகப் பொய் சொல்றீங்க ஐயா. செத்தவரே சொன்னப்புறம் ஒங்க தலையில எதுக்குப் பழி? ஒங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா."

சத்தியம் செய்தேன். வயசான காலத்தில் சத்தியமெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்லி, ஒரு பை நிறையப் பலகாரம் கட்டிக்கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். அந்தப் பையை பஸ் நிறுத்தத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அச்சில் பார்த்தாலாவது நம்பி, அந்த ஆணியில் படத்தை மாட்டுவாளா என்று பார்க்கிறேன்.

தினேஷ் அன்று எடுத்த வீடியோவை எனக்கு அனுப்பியிருக்கிறான். நான் பதினொரு பேரைக் கூப்பிடுவது கேட்கிறது. தட்டல் கேட்கிறது. செல்வி கேட்பது கேட்கிறது. பிறகு ஒன்றரை நிமிஷம் ஒன்றுமே இல்லை, சிள்வண்டுகூட இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். அதன்பிறகு இரண்டு தட்டு.

நான் பேசினேன். பேசியதில் எனக்குச் சந்தேகமில்லை என்றுதான் இது வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்த வீடியோவில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பற்றி நான் அவளிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அந்த ஒன்றரை நிமிஷமும் செல்வி சுவரைப் பார்க்கவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு, திரும்பி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.