கைப்பிடியில் கறுத்த இடம்

போன வாரம் அக்கா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அவள் கைப்பையைத் தூக்கிப் பார்த்து நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். "அப்பா பிரிக்பீல்ட்ஸ் கடையில ஊரார் பையெல்லாம் பளபளன்னு ஆக்குறாரு, சொந்த மக பை இவ்ளோ அழுக்கு லா!" என்றீர்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு அறைக்குள் போய்விட்டாள். அம்மா போனபோது நீங்கள் சின்னப் பிள்ளைகள், உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன்.

அந்தப் பை, அக்கா தன் முதல் போனஸில் அம்மாவுக்கு வாங்கித் தந்தது. கைப்பிடியும் ஓரப்பட்டைகளும் வெறுந்தோல். சாயமோ பூச்சோ போடாத தோலைக் கடையில் அப்படித்தான் சொல்வோம். புதிதில் வெளிறிப்போய் இருக்கும். மண்சட்டி மாதிரி, மேலே எது பட்டாலும் குடித்துவிடும். மழைத்துளி விழுந்தால் புள்ளி. கை வியர்வை பட்டால் கறுப்பு. பத்திரம் என்று அலமாரியில் பூட்டி வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சை.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இடுவாள். என் மோட்டார்சைக்கிளுக்கு வைத்தாள், பிரிட்ஜுக்கு வைத்தாள். பைக்கும் வைத்தாள், கைப்பிடியின் அடியில். நான் வேலை முடிந்து ரயில் பிடித்துக் கிள்ளானில் வீடு வந்து சேர்வதற்குள் தோல் அதைக் குடித்துவிட்டிருந்தது.

அக்கா வீடியோ காலில் பார்த்தாள்.

"ஐயோ மா! அது என்ன பிரிட்ஜா, பொட்டு வைக்கிறதுக்கு?"

"சாமி கும்பிட்டுட்டு எடுக்கலாம்னு வெச்சேன் மா."

"நல்லா வெச்சீங்க. பார்க்கிறவங்க அர்ச்சனைக் கூடைன்னு நெனைப்பாங்க."

எல்லோரும் சிரித்தோம். அம்மாதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பையை அவள் வெளியே எடுக்கவில்லை. கோயிலுக்கும் டயாலிசிஸுக்கும் பழைய துணிப்பைதான்.

ஒரு நாள் என்னிடம் வந்தாள். "ஏங்க, தீபாவளிக்குப் புள்ள வர்றதுக்குள்ள அந்தப் பொட்ட எடுத்துக் குடுங்க. அவ முன்னாடி ஒரு தடவையாவது நான் அத மாட்டிக்கிட்டு நடக்கணும்."

தண்ணீர், சோப்பு எதுவும் ஆகாது, கறை பரவும். மென்மையான ரப்பரால் மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தேன். சிவப்பு பெரும்பாலும் போயிற்று. மஞ்சள் அசையவில்லை.

"ஸ்கூல் சட்டையில சாம்பார் பட்டா வெயில்ல காயப்போட்டு எடுக்கிறேனே. இதுக்கு ஆகாதா?" என்று கேட்டாள்.

ஆகும் என்றேன். மஞ்சள் வெளிச்சத்தில் வெளுக்கும். வெறுந்தோல் அதே வெளிச்சத்தில் மெல்லத் தேன் நிறமாகும். இரண்டும் எங்கேயாவது சந்தித்தால் கறை மறைந்துவிடும். கடும் வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும், சன்னலோர வெளிச்சம் போதும். ஆனால் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் கறுத்துவிடும்.

திருப்பும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். டயாலிசிஸ் ஊசி போடும் இடது கையால் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வலது கையால் ஒரே இடத்தைப் பிடித்து, வடகம் புரட்டுகிற மாதிரி திருப்புவாள். அடுப்படியிலிருந்து நேராக வருவாள்.

"கையத் தொடச்சிட்டுத் தொடு."

"தொடச்சிட்டேன் லா. போலிஸ் மாதிரி பாக்காதீங்க."

மஞ்சள் நாளுக்கு நாள் மங்கியது. ஒரு காலையில், "ஏங்க, வந்து பாருங்க, காணோம்!" என்று கூப்பிட்டாள். மாட்டிப் பார் என்றேன். மாட்டவில்லை. "புள்ள வரட்டும்" என்றாள்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு மூச்சு வாங்குகிறது என்று மருத்துவமனையில் சேர்த்தோம். அவள் வீடு திரும்பவில்லை. அக்கா தீபாவளிக்கு வரவில்லை, அம்மாவைக் கடைசியாகப் பார்க்க வந்தாள்.

காரியங்கள் முடிந்த பிறகு பை சன்னலோரத்தில் அப்படியே இருப்பதை அக்கா பார்த்தாள். எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டினாள்.

"பா, அந்தப் பொட்டு எங்க?"

"எடுத்தாச்சு மா. நீ வர்றதுக்குள்ள எடுக்கணும்னு அம்மாதான்..."

எத்தனையோ பைகளுக்குக் கறை எடுத்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக எதிலும் போனதில்லை.

"மறுபடியும் வைங்க பா" என்றாள்.

சாமி அறைக்குப் போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தேன். அதற்குள் அவளே தலையை ஆட்டினாள். "வேணாம். அது அம்மா வெச்சதாகாது."

சிமிழைப் பிடித்தபடி நின்றேன். அப்போதுதான் சன்னல் வெளிச்சத்தில் கைப்பிடியின் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பெருவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு. மறுபுறம் விரல்கள் பதிந்த இடமும் லேசாகக் கறுத்திருந்தது. திருப்பும்போது அம்மா பிடித்த இடம்.

சொன்னேன். அக்கா அதன்மேல் தன் பெருவிரலை வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை.

"இது போகாம இருக்க என்ன பா செய்யணும்?"

எப்படிப் போக்குவது என்று கேட்பவர்களைத்தான் எனக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னேன். பூட்டி வைத்தால் பூஞ்சை வரும். மெழுகு பூசினால் தோல் முழுக்கக் கறுத்து அடையாளம் தெரியாமல் போகும். எடுத்து நடந்தால் உன் கை வியர்வை அதன்மேல் ஏறும்.

அவள் திரும்பிப் போகிற நாளில் பாஸ்போர்ட்டையும் பர்ஸையும் அந்தப் பையில்தான் போட்டாள். அதே இடத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அழுக்கு என்று நீங்கள் சிரித்தது அந்த இடத்தைப் பார்த்துத்தான். அதைத் துடைத்துத் தரச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள். அவள் வரும்போதெல்லாம் நான் கைப்பிடியைப் பார்ப்பேன். முதல் சில தடவை அம்மாவின் விரல் தனியாகத் தெரிந்தது. போன வாரம் அவள் தூங்கும்போது விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். எது அம்மா பிடித்தது, எது மகள் பிடித்தது என்று எனக்கே தெரியவில்லை.

அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.