வாசல்வரை நடந்த பேரம்

ஐரோப்பாவின் நெசவு நூல் வியாபாரத்தை ஒரு சித்திரை மாத மத்தியானத்தில் நான்தான் தாங்கிப் பிடித்தேன் என்று, கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் அளந்திருக்கிறேன். உண்மையில் நான் தாங்கியது ஒரு கம்பளிக் கோட்டை. வேட்டியோடு போனால் இங்கிலீஷ் வாயில் வராது என்று நம்பி, மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவரிடம் இரவல் வாங்கியது. மதுரை வெயிலில் அதற்குள் நான் இட்லியாக வெந்துகொண்டிருந்தேன்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். வெளிநாட்டு நூல் இவ்வளவுதான் வரலாம் என்று சர்க்கார் அளவு கட்டியிருந்தது. அதில் மதுரைக்கு யார் எவ்வளவு அனுப்புவது என்று பங்கு பிரிக்க, ஆங்கிலக் கம்பெனித் துரையும் இத்தாலிக் கம்பெனித் துரையும் வைகைக்கு வடக்கே ஒரு பங்களாவில் கூடினார்கள். இத்தாலிச் செயற்கைப் பட்டு நூலுக்கு இங்கே ஏஜெண்ட் என் அக்காள் வீட்டுக்காரர். கோச்சடை வயலை விற்று வைத்த கடை. வேறு சரக்கு கிடையாது. அந்த நூல் நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாததால் என்னைக் கூட்டிப்போனார்.

மச்சான் கத்தரிக்காய் வாங்கினாலும் பாதிப் பேரத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து நடப்பார். கடைக்காரன் கூப்பிடுவான், திரும்பி வந்து வாங்குவார். எங்கள் ஊரில் பேரம் என்றால் அதுதான். எழுந்தவனைக் கூப்பிடாமல் விடுவது, பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலை போடாதது மாதிரி.

"போன வருஷம் கொடுத்த நூலில் பாதிதான் இனி" என்றார் இத்தாலிக்காரர்.

"முக்கால் இல்லாட்டி எனக்கு ஏஜென்சியே வேணாம்னு சொல்லு மாப்ள."

சொன்னேன். இலக்கண சுத்தமாகச் சொன்னேன். மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டு, "அப்ப நான் வாரேன்" என்று எழுந்தார்.

செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனுஷரை நான் பார்த்ததில்லை. வேப்பமரத்தடியில் நின்று பூவை அண்ணாந்து பார்த்தார். வெளிக்கதவின் கொக்கியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஜன்னல் வழியே எல்லாம் எனக்குத் தெரிந்தது. இதோ கூப்பிடுவார்கள் என்று நானும் காத்திருந்தேன். ஆங்கிலத் துரையோ, தன்னுடைய ஏஜெண்டே இரண்டு நூலையும் விற்கட்டுமே என்றார். இத்தாலிக்காரர் தலையசைத்தார். கை குலுக்கிக்கொண்டார்கள். எனக்கும் டீ வந்தது. குடித்தேன்.

மறுநாள், போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று மன்றாடினேன். "கூப்பிடாத எடத்துக்கு எப்படி மாப்ள போறது?" என்று கேட்டுவிட்டுக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மூட ஆரம்பித்தார். பிறகு திருமங்கலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சம்பளத்துக்கு நின்றார். விலை படியாமல் எழுந்த ஒருவரையும் அவர் போகவிட்டதில்லை. "அட வாங்கண்ணே, இதுக்குப் போயி!" என்று தெருவரை ஓடிக் கூட்டிவருவார். முதலாளி அதற்காகத் திட்டுவாராம்.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம் வெள்ளைக்காரர் நாகரிகத்துக்கும் நம்முடையதற்கும் உள்ள பேதத்தை விஸ்தாரமாக விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம்; நன்றாகவும் பேசினேன் என்றுதான் நினைப்பு. வெற்றிலைத் தட்டோடு வந்த அக்காள் சற்று நின்றாள்.

"அவுகளுக்கு நம்ம வழக்கம் தெரியாது, சரி. ஒனக்குத் தெரியும்ல தம்பி? நீயே கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள்.