செக்கர் எழுந்திருக்க முடியாத காலை

அந்த முதியோர் இல்லத்தில் அவரை எல்லோரும் செக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை அவரை விட்டதே தவிர அவர் வேலையை விடவில்லை. ஒரு காலத்தில் தன் வீட்டுக்கு விருந்துக்கு வந்துகொண்டிருந்த சொந்த மச்சானையே, டிக்கெட் எடுக்கவில்லை என்று பாதி வழியில் இறக்கிவிட்ட மனுஷன். மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க "தப்புன்னா தப்புதானே" என்று இவர் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

இல்லத்தில் தினமும் காலையில் உடற்பயிற்சி. வயதானால் தசை கரையும், சும்மா உட்கார்ந்தே இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும் என்று பிசியோதெரபிஸ்ட் பெண் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், காலை ஆட்டவில்லை. செக்கர் தானாகவே களத்தில் இறங்கினார். குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா என்று நாற்காலி நாற்காலியாகக் குனிந்து பார்த்தார். கனத்துக்காகக் கையில் கொடுத்த தண்ணீர் பாட்டிலை, பக்கத்து அறையில் இருந்த டெய்லர் பாதி குடித்து லேசாக்கி வைத்திருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

"தாகமா இருந்துச்சு" என்றார் டெய்லர்.

"பயிற்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியேவா?"

இப்படி ஊரையே அதட்டியவருடைய பேச்சு சொந்த அறையில் எடுபடவில்லை. காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து மனைவியின் கால்கள் மெலிந்து போயிருந்தன. பயிற்சிக்கு வா என்றால், "கல்யாணம் ஆனதிலிருந்து நீங்க கூப்பிட்டப்பல்லாம் எழுந்து எழுந்து வந்தேனே, அதெல்லாம் பயிற்சி இல்லையா?" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

இந்த லட்சணத்தில் மேலாளர் ஒரு சோதனையை அறிவித்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும். முடிந்தவர்கள் மாடியில் தங்கள் அறையிலேயே இருக்கலாம். முடியாதவர்கள் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும், அங்கேதான் தாங்கிப் பிடிக்க ஆள் உண்டு. மனைவி பக்கத்தில் இல்லாத இரவுகளில் செக்கர் ஒருநாளும் நன்றாகத் தூங்கியதில்லை.

சோதனையன்று மனைவி சால்வைக்குள் கைகட்டி உட்கார்ந்தார். எழுந்தும் விட்டார். மேலாளர் "சபாஷ்" என்றார். சால்வைக்குள்ளிருந்து ஒரு கை நழுவி இருக்கையை அழுத்தியதை ஒரே ஒருவர்தான் பார்த்தார்.

"கை வெச்சுட்டா!"

கத்திய பிறகுதான் கத்தியது தன் வாய் என்று செக்கருக்கு உறைத்தது. சால்வையை எடுத்துவிட்டு மறுபடி முயலச் சொன்னார்கள். மனைவி பாதி எழுந்து, தொப்பென்று உட்கார்ந்தார். கணவரை ஒரு பார்வை பார்த்தார். மச்சான் விஷயத்தில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்தது செக்கர். நாள் தவறாமல் அத்தனை நாற்காலிக்கும் குனிந்து நிமிர்பவருக்குச் சோதனை எதற்கு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"ஐயோ, முடியலையே!" என்று முனகினார் செக்கர்.

"சார், நீங்க இன்னும் எழுந்திருக்கவே பார்க்கலையே" என்றாள் பிசியோ பெண்.

அவர் கைகட்டிக் கொஞ்சம் குலுங்கிவிட்டுப் பின்னால் சாய்ந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். வியர்வை மட்டும் நிஜமாக வந்தது.

"நடிக்கிறாரு!" டெய்லர் துள்ளினார். இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். "காலையிலதான் என் பாட்டிலைப் புடுங்கிட்டு ஓடுனாரு!"

செக்கர் அவரைக் கண்டுகொள்ளாமல் மேலாளரிடம் கெஞ்சினார். "கால்ல தெம்பே இல்லைங்க. என்னையும் கீழேயே போட்டுடுங்க, இவ பக்கத்துல."

"கீழே ஆம்பளைங்களுக்குத் தனி ஹால் சார். பொம்பளைங்களுக்கு அந்தக் கோடியில."

"தனியாவா?"

செக்கர் விருட்டென்று எழுந்து நின்றுவிட்டார். கட்டிய கை கட்டியபடியே இருந்தது.

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். அப்புறம் ஹாலே குலுங்கியது. மேலாளரும் சிரித்துத் தொலைத்ததால் பழைய விறைப்பு வரவில்லை. பிசியோ பெண் அந்தச் சமயம் பார்த்துப் பரிந்து பேச, "சரி, ஒரு மாசம் மாடியிலேயே இருக்கட்டும், பார்ப்போம். அம்மா பயிற்சிக்கு வரணும்" என்றார்.

அறைக்குத் திரும்பியதும் செக்கர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். "பயந்துட்டேன். நீ இல்லாம இந்த ரூம்ல நான் என்ன பண்ணுவேன்?"

"நாற்காலியை இழுத்துப் போடுங்க" என்றார் மனைவி.

சால்வையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, உட்கார்ந்து கைகட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். பாதியில் ஒரு கை தானாக இருக்கைக்குப் போய்விட்டது. செக்கர் பார்த்தார். "கை" என்று வாய் வரை வந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன, பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"அப்ப சொல்றதுக்கென்ன? ஊரு முன்னாடி சொல்லத் தெரிஞ்சுதுல்ல? நீங்களும் விட்டுட்டீங்கன்னா, நான் எப்படிங்க மாடியில இருக்கிறது?"